பதினொன்று அல்ல, ஏழு

என் அத்தானிடம் பூனைப் பழமொழிகள் வண்டி வண்டியாக இருக்கின்றன. வேலை மாறலாமா என்று நான் ஒரு நிமிடம் யோசித்தால் "மதில்மேல் பூனை" என்பார். சும்மா உட்கார்ந்திருந்தால் "இந்தப் பூனையும் பால் குடிக்குமா" என்பார். அலுவலகத்தில் யாரையோ எதிர்த்துப் பேசினேன் என்று தெரிந்தால் "பூனைக்கு மணி கட்டப் போயிட்டியா" என்பார். ஒன்பது வருடமாக இதே பாட்டுதான். அக்கா புருஷன் ஆயிற்றே என்று சிரித்து வைக்கிறேன். நல்ல மனிதர். என்னைத் திருத்தியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் குறை.

நான் காட்டுயிர் ஆய்வாளர். பட்டம் வாங்கிய கையோடு சேற்றில் இறங்கியவள், இன்னும் கரையேறவில்லை. ஊரின் ஓரத்தில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், நாணலும் கோரையும் மண்டிய சதுப்பு ஒன்று இருக்கிறது. அங்கே மீன்பிடிப் பூனைகள் வாழ்கின்றன. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு, சாம்பல் உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், தண்ணீருக்குள் தலையை விட்டு மீனைக் கவ்விக்கொண்டு வரும் துணிச்சல். அவை எத்தனை, எங்கே நடக்கின்றன, குட்டி போடுகின்றனவா என்று கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. அந்தச் சதுப்பின் நடுவே நான்கு வழிச் சாலை போட ஒரு திட்டம் வந்திருந்தது.

என் சம்பளக்காரர்கள் ஒரு சின்ன வனவிலங்குப் பாதுகாப்பு நிறுவனம். ஒவ்வொரு தடவையும் பதினொரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் வீட்டில் சும்மா இருக்க வேண்டும். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்டுவிடுவேனாம். அந்தச் சும்மா மாதத்திலும் நான் சதுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். பூனைகளுக்கு யாரும் ஒப்பந்தம் போடவில்லை.

போன வருடச் சும்மா மாதத்தில்தான் நாக்கு தவறினேன். அம்மா முன்னறையில் தையல் மெஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயதில் என் துணியை நானே துவைப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன நிரந்தரம் என்று கேட்டாள். கோபத்தில், "அடுத்த வருஷத்துக்குள்ள நிரந்தரம் ஆகலைன்னா விட்டுடறேன்மா, அத்தான் சொல்ற டைல்ஸ் கடைக்கே போறேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஊசியை நிறுத்தி, "இது வாக்குதானே?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டாள். அத்தானின் நண்பர் டைல்ஸ் கடையில் மேலாளர் நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார்.

இந்த வருடம் எனக்கு யோகம் அடித்தது. முதல் கட்டக் கணக்கெடுப்பில் பதினொரு பூனைகள் என்று அறிக்கை எழுதினேன். நான்கைந்து இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பதினொன்று என்றதும் நிறுவனமே தலைகால் புரியாமல் ஆடியது. சுவரொட்டி, பனியன், பள்ளிக்கூடங்களில் பேச்சு. பேருந்து நிறுத்தச் சுவரில் ஓர் ஓவியர் பதினொரு பூனைகளை ஆளுயரத்துக்கு வரைந்தார். சாலைத் திட்டத்தை விசாரிக்க அரசு மூன்று பேர் குழுவை அமைத்தது. வியாழக்கிழமை விசாரணை. நான் எழுந்து பதினொன்று என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை என் கையில் நிரந்தர வேலைக் கடிதம், பதவி கள ஆய்வுத் தலைவர். இயக்குநர் மேடம் தன் வாயால் சொன்னது இது.

திங்கட்கிழமை காலை கம்பி அண்ணன் சதுப்பிலிருந்து தானியங்கிக் கேமராக்களின் நினைவு அட்டைகளைக் கொண்டுவந்தார். ஆள் அத்தனை ஒல்லி என்பதால் கம்பி. முன்பு மிதிவண்டி பழுதுபார்த்தவர். இப்போது எங்கள் கேமராக்களுக்கு அவர்தான் வைத்தியர். எங்கள் அலுவலகம் ஒரு மோட்டார் பம்ப் பட்டறைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. கீழே பம்பை ஓட்டிப் பார்த்தால் மேலே மேசை நடுங்கும். அட்டைகளை நான் மாத்திரை டப்பாவில், கிழமை போட்ட குழிகளில் வைத்திருப்பேன். எதிர்ச்சுவர் முழுக்கப் பூனைகளின் விலாப் படங்கள், ஒன்று முதல் பதினொன்று வரை.

ஒரு மீன்பிடிப் பூனையின் புள்ளிகள் இன்னொன்றுக்கு வராது, நம் கைரேகை மாதிரி. ஆனால் ஒரே பூனையின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றுபோல இருக்காது. அதனால் பாதையின் இரண்டு புறமும் எதிரெதிரே இரண்டு கேமரா கட்ட வேண்டும். பூனை நடுவில் நடந்தால் ஒரே நொடியில் இரண்டு பக்கமும் பதிவாகும். முதல் கட்டத்தில் எங்களிடம் கேமரா போதவில்லை. பாதி இடங்களில் ஒற்றைக் கேமராதான் கட்டினோம். ஒற்றைக் கேமராவில் ஒரு பக்கம்தான் விழும்.

இந்த முறை எல்லா இடத்திலும் ஜோடி கட்டியிருந்தோம். மூன்றாவது அட்டையில் ஒரு பூனை நிதானமாக நடந்து போனது. இடப்பக்கக் கேமராவில் அது ஆறாம் எண். தோளில் கொக்கி மாதிரி வளைந்த புள்ளியை வைத்து எனக்குத் தூக்கத்திலும் தெரியும். வலப்பக்கக் கேமராவைத் திறந்தேன். அதே தேதி, அதே மணி, அதே நொடி. அங்கே நடந்துகொண்டிருந்தது ஒன்பதாம் எண்.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன். அப்போதும் ஒன்பதுதான்.

இது முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் பாடம். இடப்பக்கம் மட்டும் தெரிந்த பூனைகளையும் வலப்பக்கம் மட்டும் தெரிந்த பூனைகளையும் ஒருபோதும் கூட்டாதே. இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். வருகிற தன்னார்வலர்களுக்கெல்லாம் நானே இதை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். அறிக்கை முடிக்க வேண்டிய அவசரத்தில், இரண்டு பக்கமும் தெரிந்தவை மூன்று, இடப்பக்கம் மட்டும் நான்கு, வலப்பக்கம் மட்டும் நான்கு என்று மூன்று உறைகளில் பிரித்து வைத்திருந்த படங்களையும் ஒன்றாகக் கொட்டிக் கூட்டியிருந்தேன். கூட்டல் சரிதான். கூட்டியதுதான் தப்பு. சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று ஜோடிகளும் சிக்கின. இடப்பக்கத்து நால்வரும் வலப்பக்கத்து நால்வரும் அதே நால்வர். சதுப்பில் இருப்பது ஏழு.

என்மேலேயே எனக்கு வந்த எரிச்சலை எழுத முடியாது. கம்பி அண்ணன் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும் மேடம்" என்றார்.

"யானை சறுக்கினா அது மட்டும்தான் விழும் அண்ணே. நான் சதுப்பையும் சேத்து இழுத்துட்டு விழுந்திருக்கேன்."

செவ்வாய்க்கிழமை இயக்குநர் மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் இருபது வருடமாக இந்த நிறுவனத்தைத் தோளில் சுமப்பவர். எத்தனையோ அதிகாரிகளின் வாசலில் நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, இன்றும் உண்டு. படங்களை மேசையில் ஜோடி ஜோடியாக அடுக்கினேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, கம்பி அண்ணனுக்கு, இப்ப உங்களுக்கு."

"அப்ப வியாழக்கிழமை வரைக்கும் மூணு பேரோட இருக்கட்டும். அடுத்த வருஷ அறிக்கையில மெதுவா ஏழுன்னு எழுதிக்கலாம். நாலு பூனை வேற பக்கம் போயிருக்கும்னு ஒரு வரி சேத்துக்கோ."

"எதுவும் எங்கயும் போகல மேடம். அந்த நாலும் பொறக்கவே இல்ல."

"எனக்குத் தெரியாதா? நீ ரோடு போடறவங்க வக்கீலை யோசிச்சுப் பாரு. ஏழுன்னா என்ன சொல்வான்? ஏழுதானே, பிடிச்சு வேற எங்கயாவது விட்டுட்டு ரோடு போடலாம்பான். பதினொண்ணுன்னா வாய மூடிட்டு இருப்பான்."

"ஏழுக்குக் கிடைக்காத இடம் பதினொண்ணுக்கு மட்டும் கிடைச்சிடுமா மேடம்? நாளைக்கு அவங்க ஆள் வச்சு எண்ணினா ஏழுதான் வரும். அப்ப நான் புளுகுணி. புளுகுணி காட்டின சதுப்புல பூனையே இல்லன்னு சொல்லிடுவாங்க. முழுப் பூசணிக்காயை எந்தச் சோத்துல மறைக்கறது?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, "கடிதம் அடிச்சு வச்சாச்சும்மா. கையெழுத்துதான் பாக்கி. ஒன்பது வருஷம் கஷ்டப்பட்டிருக்கே. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதா?" என்றார்.

அவர் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சொன்னதில் அக்கறையும் இருந்தது, கணக்கும் இருந்தது. அந்தக் கடிதத்தை நான் விரும்பவில்லை என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய் கிடையாது. அதை வாங்கினால் சதுப்பில் இருக்கலாம். வாங்காவிட்டால் தரைக்கு எந்த டைல்ஸ் வழுக்காது என்று வருகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.  இரண்டு நாளும் வீட்டில் மூச்சு விடவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைக்கு எனக்கென்று ஒரு புதுச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை விசாரணை ஓர் அரசுக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். நீளமான மேசை, ஒலிபெருக்கி, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் நின்றுபோன கடிகாரம். ஒரு பக்கம் சாலைக்காரர்களும் அவர்களின் வக்கீலும். இன்னொரு பக்கம் நாங்கள். பின்னால் பார்வையாளர்கள், அதில் பத்துப் பேர் பதினொரு பூனை போட்ட பனியனில். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பேசுகிறவர்களைவிடத் தண்ணீர் பாட்டிலையே அதிகம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்கள். கால் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும், வாய் நடுங்காமல் இருந்தால் போதும் என்று எழுந்தேன்.

"நான் குடுத்த அறிக்கையில பதினொரு பூனைன்னு எழுதியிருக்கேன் ஐயா. அது தப்பு. இருக்கறது ஏழு" என்றேன்.

பனியன்காரர்கள் பக்கம் சலசலப்பு. இயக்குநர் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். எப்படித் தப்பு நேர்ந்தது என்று இரண்டு படங்களைக் காட்டி விளக்கினேன். தலைவர் முதன்முறையாகப் பாட்டிலை விட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தத் தப்பை யார் கண்டுபிடிச்சது?"

"நான்தான் ஐயா."

"தப்புப் பண்ணது?"

"அதுவும் நான்தான்."

யாரோ சிரித்தார்கள். வக்கீல் எழுந்தார். கரும்பு தின்னக் கூலி கிடைத்த முகம்.

"அம்மணி அறிக்கைக்கு அறிக்கை நாலு பூனையை முழுங்கிடறாங்க. அடுத்த மாசம் மூணும்பாங்க, அதுக்கடுத்த மாசம் ஒண்ணுமே இல்லம்பாங்க. அப்படியே ஏழுன்னே வச்சுக்குவோம். பிடிச்சு வேற எடத்துல விட்டுட்டா முடிஞ்சது."

"விடலாம்" என்றேன். "எந்த எடம்னு சொல்லுங்க."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"தண்ணியும் மீனும் நாணலும் ஒண்ணா இருக்கற இன்னொரு எடம் இந்தச் சுத்துவட்டாரத்துல காட்டுங்க. நானே தோள்ல தூக்கிட்டுப் போய் விடறேன். இல்லன்னா வேற எடம்னு சொல்லாதீங்க, சாகட்டும்னு சொல்லுங்க. அது நேர்மையா இருக்கும்."

தலைவர் என்னை அமைதியாகப் பேசச் சொன்னார். நான் அமைதியாகத்தான் பேசினேன். சாலைக்காரர்களின் அறிக்கையை எடுத்து நாற்பதாம் பக்கத்தைத் திறந்தேன்.

"குறிப்பிடத்தக்க வனவிலங்கு எதுவும் இல்லைன்னு இதுல இருக்கு. இவங்க எத்தனை நாள் பாத்தாங்க, எங்க கேமரா கட்டினாங்கன்னு கேளுங்க ஐயா. என் கணக்குல நாலு தப்பு, அதை நான் வந்து சொல்லிட்டேன். இவங்க கணக்குல ஏழு தப்பு. அதை யார் வந்து சொல்லப் போறாங்க?"

வக்கீல் தன் பொறியாளரைத் திரும்பிப் பார்த்தார். பொறியாளர் கோப்பைப் புரட்டினார். ஒருநாள் பகலில் கரையோரமாக நடந்து பார்த்தோம் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். கேமரா எதுவும் கட்டவில்லை. மீன்பிடிப் பூனையைப் பகலில் தேடுவது, இராக்காவலாளியை மத்தியானம் வேலைக்கு வரவில்லை என்று திட்டுவதைப் போன்றது. அதையும் சொன்னேன். இந்த முறை தலைவர் தடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து முடிவு வந்தது. தொண்ணூறு நாள் மறு கணக்கெடுப்பு, இரண்டு தரப்பும் சேர்ந்து, எல்லா இடத்திலும் ஜோடிக் கேமரா. அதுவரை சதுப்புக்குள் எந்த இயந்திரமும் இறங்கக் கூடாது. நாங்கள் ஜெயிக்கவில்லை. தோற்கவும் இல்லை. தொண்ணூறு நாள் கிடைத்தது.

படிக்கட்டில் இயக்குநர் மேடம் நின்றிருந்தார்.

"தவளை தன் வாயாலேயே கெடும்னு சொல்வாங்க" என்றார்.

"சதுப்புல தவளை கத்தாம இருந்தாத்தான் மேடம் நாம பயப்படணும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டார். "அந்தக் கடிதம் நாளைக்கு வராது. நிர்வாகக் குழுவில இப்பவே ரெண்டு பேர் போன் பண்ணிட்டாங்க. சுவர்ல இருக்கற நாலு பூனைக்கு யார் பதில் சொல்றதுன்னு கேக்கறாங்க."

"வெள்ளையடிக்கச் சொல்லுங்க. சுண்ணாம்பு நான் கலக்கறேன்."

"திமிருக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல." பையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "தொண்ணூறு நாள் எண்ண ஆள் வேணும். மூணு மாசத் தற்காலிகம்தான். அதுக்கப்புறம் என்னன்னு என்னால சொல்ல முடியாது. வர்றியா?"

"வர்றேன். ஆனா நான் எழுதற எண்ணை யாரும் தொடக் கூடாது, நீங்களும்தான்."

 "சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்குப் போனபோது அத்தான் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அம்மா துணி வெட்டும் மேசைக்குப் பின்னால், கையில் கத்தரிக்கோலோடு, எதையும் வெட்டாமல் நின்றிருந்தாள்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா?" என்று ஆரம்பித்தார் அத்தான். "ஒன்பது வருஷம் கழிச்சுக் கையில வந்த வேலையை எவளாவது எட்டி உதைப்பாளா? நாலு எண்ணு கூடக்குறைய இருந்தா யாரு சாகப் போறாங்க?"

"நான் கண்ணைத் திறந்துதான் அத்தான் சொன்னேன்" என்றேன். மேற்கொண்டு அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். மாப்பிள்ளையை அம்மா பேச்சின் நடுவில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"எல்லார் முன்னாடியும் சொன்னியா?"

"சொன்னேன்."

"கால் நடுங்குச்சா?"

"நடுங்குச்சு."

"அப்புறம் ஏன் சொன்ன?"

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னேன். "ஏழுதாம்மா இருக்கு."

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.  அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. இருப்பதாக நான் சொன்னால் அது இன்னொரு பொய்க் கணக்கு. வருகிற மாதங்களைப் பற்றிய கவலை அப்படியே தெரிந்தது.

"எனக்குக் குடுத்த வாக்கு?"

"அதையும் நான் தப்பாத்தான் குடுத்தேன். அதையும் திருத்திக்கறேன். நிரந்தரம் ஆகல, இனிமே ஆகும்னும் தோணல. ஆனாலும் விடமாட்டேன்மா. மூணு மாசம் வேலைன்னா மூணு மாசம். அது முடிஞ்சா இன்னொரு வாசல்ல போய் நிப்பேன். என்னைப் பேர் போட்டுக் கூப்பிட ஒரு பதவி இல்லன்னாலும் நான் பூனை எண்றவதான். நீ திட்டு, அழு, பேசாம இரு. டைல்ஸ் கடைக்கு மட்டும் போகமாட்டேன்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அத்தான் வாயைத் திறந்தார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவருக்கு ஒரு பூனையும் கிடைக்கவில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. மேசையைச் சுற்றி வந்து, என் முகத்தைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள், கொஞ்சம் வலிக்கிற மாதிரியே. பிறகு அத்தான் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கடைக்காரரை வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடுங்க மாப்பிள்ளை. இவ வரமாட்டா."